வேன் வாங்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்: வீட்டுக்கே போய் கார் கழுவும் தொழில் பற்றி

மேடவாக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஷோரூமில் டெலிவரிக்கு முன் வண்டியைக் கழுவித் தயார் செய்யும் வேலையில் சில வருடம் இருந்தவர். கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. பழைய ஆம்னி ஒன்று வாங்கி, அதில் தண்ணீர் டேங்க், ஜெனரேட்டர், பிரஷர் வாஷர் எல்லாம் ஏற்றிக்கொண்டு சென்னை முழுக்கப் போய் வீட்டு வாசலிலேயே கார் கழுவிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறார். என்ன வாங்க வேண்டும், எவ்வளவு கேட்கலாம், கட்டுப்படியாகுமா என்பது அவர் கேள்வி.

கட்டுப்படியாகும். ஆனால் ஆம்னியும் வேண்டாம், சென்னை முழுக்கவும் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் பணம் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் மெஷினை பாதி விலைக்கு விற்கிறவர்களில் பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஒரு காரை வெளியே ஃபோம் போட்டுக் கழுவி, உள்ளே வேக்யூம் பிடித்து, கண்ணாடி துடைத்து முடிக்க ஒரு ஆளுக்கு ஐம்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதைவிடச் சீக்கிரம் முடித்தால் எங்கோ ஒரு மூலை விட்டுப்போயிருக்கும். காலையில் மேடவாக்கத்திலிருந்து அண்ணா நகர் போக அதே ஒரு மணி நேரம் ஆகிவிடும். அந்த நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள். இன்னொரு சிக்கல், எல்லோரும் சனி, ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் கேட்பார்கள். ஊர் முழுக்க வாடிக்கையாளர் இருந்தால் அந்த இரண்டு காலைகளில் நாலு பேரைப் பார்க்கலாம், மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கலாம், அவ்வளவுதான். ஒரே அபார்ட்மென்ட்டில் முப்பது கார் இருந்தால், செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கே போய் பேஸ்மென்ட்டில் ஐந்து கார் முடிக்கலாம். உரிமையாளர் தூங்கி எழுவதற்குள் வேலை முடிந்திருக்கும். அதனால் உங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பெரிய குடியிருப்புகள் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் அதற்குக் குறைவே இல்லை. இரண்டு அல்லது மூன்று வளாகம் கைக்கு வந்தால் போதும்.

ஆம்னி வேண்டாம் என்பதும் இதனால்தான். மாருதி 2019-லேயே ஆம்னியை நிறுத்திவிட்டது, இப்போது கிடைப்பதெல்லாம் வயதான வண்டி. அதில் 200 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் 200 கிலோ. அதன்மேல் ஜெனரேட்டர், பெட்ரோல், மெஷின். காலை ஆறு மணிக்கு அபார்ட்மென்ட்டுக்குள் ஜெனரேட்டர் ஓடினால் அன்றைக்கே அசோசியேஷன் உங்களை வெளியே நிறுத்திவிடும். வண்டிக்கும் அதன் பராமரிப்புக்கும் சேமிப்பில் பாதி போய்விட்டால், வேலை சூடுபிடிக்கும் முன் வீட்டு வாடகைக்குத் திண்டாட வேண்டிவரும். இருக்கிற பைக்கோ டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லோ போதும். சின்ன பிரஷர் வாஷர் பத்து கிலோவுக்குள்தான் இருக்கும். வளாகத்தில் பேசி, பேஸ்மென்ட் மூலையில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வைக்க இடம் வாங்கிவிட்டால் அதையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். ஷோரூமில் வேலை பார்த்த உங்களுக்கு ஷாம்பு, ஃபோம் எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே வந்த தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்த்திருக்க மாட்டீர்கள், அதை யாரோ ஏற்பாடு செய்து வைத்திருப்பார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் பல வளாகங்களில் கார் பார்க்கிங் குழாயில் வருவது போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்று இருக்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை ஏற்கலாம். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் ஆயிரத்தைத் தாண்டும். நானூறு ரூபாய்க்குள் ஒரு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும். எந்த வளாகத்தில் பேசப் போனாலும், பேச்சைத் தொடங்கும் முன் பார்க்கிங் குழாயைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை விட்டுப் பாருங்கள்.

எதற்கு இவ்வளவு அக்கறை என்றால், கறுப்பு நிற கார் ஒன்றை அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டுப் பாருங்கள். பானட்டின்மேல் ஒவ்வொரு துளியும் ஓரத்திலிருந்து சுருங்கி, கடைசியில் வெள்ளை வளையமாக நிற்கும். அது கால்சியமும் மெக்னீசியமும். முதல் நாள் துடைத்தால் போய்விடும். இரண்டு மூன்று கழுவல் அப்படியே காய்ந்தால் பெயின்டின் மேலுள்ள கிளியர் கோட்டில் பிடித்துக்கொள்ளும், ஷாம்புக்கு மசியாது. கொஞ்சம் வினிகரைத் தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து, ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து உடனே நல்ல தண்ணீரில் அலசினால் ஆரம்பநிலைக் கறை போகும். அதற்கும் போகாவிட்டால் பாலிஷ்தான். காசு கொடுத்துக் கழுவச் சொன்னவருடைய வண்டி கழுவுவதற்கு முன்பிருந்ததைவிட மோசமாகத் தெரிந்தால் அவர் மறுபடி கூப்பிட மாட்டார். ஏன் என்றும் சொல்ல மாட்டார்.

அசோசியேஷன் ஆட்கள் நல்ல எண்ணத்தோடு, "ஆர்.ஓ. கழிவுத் தண்ணி வீணாப் போகுது, அதை எடுத்துக்கோங்க" என்பார்கள். அது நடைபாதை கழுவ ஆகும், காருக்கு ஆகாது. ஆர்.ஓ. மெஷின் நல்ல தண்ணீரைப் பிரித்த பிறகு உப்பெல்லாம் தங்குவது அந்தக் கழிவில்தான், போர் தண்ணீரைவிட அது இன்னும் கடினமானது. அதற்கு மாறாக, ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிட்டத்தட்ட இருக்காது. சென்னை ஈரப்பதத்தில் ஒரு ஏ.சி. ஓர் இரவில் ஒரு பக்கெட்டை நன்றாகவே நிரப்பும். கடைசி அலசலுக்கும் கண்ணாடி துடைக்கவும் அதைவிட நல்ல தண்ணீர் ஓசியில் கிடைக்காது. நீங்கள் கோவையில் இருந்து, வாடிக்கையாளர் வீட்டில் உப்புக் குறைந்த சிறுவாணித் தண்ணீர் வந்தால் இந்தப் பத்தி முழுவதையும் தாண்டிப் போகச் சொல்லியிருப்பேன். மேடவாக்கத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

தண்ணீரில் இன்னொரு ஆபத்து, அது இல்லாமலே போவது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன அந்த மாதங்களில் எந்தச் செக்ரெட்டரி காருக்குத் தண்ணீர் கொடுப்பார்? 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரை வண்டி கழுவப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். முழுத் தொழிலையும் ஒரு குழாயை நம்பி வைத்தால் ஒரு மோசமான கோடையில் அது நின்றுவிடும்.

அதனால் முதல் நாளிலிருந்தே ரின்ஸ்லெஸ் வாஷ் கற்றுக்கொள்ளுங்கள். கழுவிய பிறகு அலசத் தேவையில்லாத திரவம் அது. பெரும்பாலும் ஒன்றுக்கு 256 என்ற அளவில் கலக்கச் சொல்லியிருப்பார்கள், அதாவது பத்து லிட்டர் தண்ணீருக்கு 40 மில்லி. ஒரு காருக்கு அந்தப் பத்து லிட்டர் போதும். பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் அளவில் இறைக்கும், பத்து நிமிடம் ஓடினால் 60 லிட்டர். குழாயில் ஹோஸ் மாட்டிக் கழுவினால் அது நூறைத் தாண்டிப் போகும். பத்து லிட்டர்தான் வேண்டும் என்றால் போர் தண்ணீரை நம்ப வேண்டியதே இல்லை. 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்றில் இரண்டு கார் முடியும், காருக்கு இருபது ரூபாய்க்குள் அடங்கும், வெள்ளைக் கறையும் வராது.

செய்யும் விதம் முக்கியம். நாலைந்து சின்ன மைக்ரோஃபைபர் துணிகளைக் கலவையில் ஊறப் போடுங்கள். அதே கலவையை ஒரு ஸ்பிரேயரில் ஊற்றி ஒரு கதவின்மேல் அடித்து அரை நிமிடம் விடுங்கள், தூசி இளகும். நனைந்த துணியை நான்காக மடித்து, அழுத்தாமல், அதன் எடையிலேயே ஒரு திசையில் இழுங்கள். ஒரு இழுப்புக்குப் பிறகு துணியைத் திருப்பிப் புதுப் பக்கம். அழுக்கான துணி மறுபடி பக்கெட்டுக்குள் போகவே கூடாது. உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த கதவு. வட்டமாகத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். வெயிலில் திருப்பிப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரித் தெரியுமே அந்தக் கீறல், அது அப்படித்தான் வருகிறது.

சேறு அப்பிய வண்டிக்கு இது உதவாது. மழைக்காலத்திலும், மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கும் முதலில் பிரஷர் வாஷர்தான். மணலை அடித்து இறக்கிய பிறகே துணி தொட வேண்டும். சிமெண்ட் சாரல் பட்டுக் காய்ந்திருந்தால் நகத்தால்கூடச் சுரண்டாதீர்கள். அது தனி வேலை, தனிக் காசு, முதல் வருடத்தில் பெரிய கடைக்கு அனுப்பிவிடுவது நல்லது.

சாமான்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடும் 1,500 முதல் 1,800 வாட் பிரஷர் வாஷர் ஒன்று, சுமார் எட்டிலிருந்து பத்தாயிரம். ஈரமும் தூசியும் இரண்டையும் இழுக்கும் வேக்யூம் ஆறேழாயிரம். பக்கெட் மூன்று, அதில் இரண்டுக்கு அடியில் மணல் தங்கும் சல்லடைத் தட்டு. வாஷ் மிட் (கையில் மாட்டித் தேய்க்கும் மெத்தென்ற உறை), வீல் பிரஷ், கையால் அமுக்கும் ஃபோம் ஸ்பிரேயர் எல்லாம் சேர்த்து இரண்டரை ஆயிரம். நியூட்ரல் (அமிலமோ காரமோ இல்லாத) ஷாம்பு, ரின்ஸ்லெஸ் திரவம், உள்பக்க கிளீனர், டயரைப் பளபளப்பாக்கத் தண்ணீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங், கண்ணாடி கிளீனர் என்று ஆறேழாயிரம். யூனிஃபார்ம் டிஷர்ட், கார்டு, நோட்டீஸ் மூவாயிரம். சில கடைகளில் அலாய் வீல் பளபளக்க ஒரு "ஆசிட்" கொடுப்பார்கள், பெயர் ஒட்டாத கேனில் இருக்கும். அதைத் தொடாதீர்கள். சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கலந்திருக்கும். அது கையில் பட்ட உடனே எரிச்சல்கூடத் தெரியாமல் தோலுக்குள் இறங்கி எலும்பு வரை கெடுக்கும்.

துணிக்கு மட்டும் ஆறாயிரம் ஒதுக்குங்கள். இவ்வளவா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு காருக்கு உலர்த்தப் பெரிய துணி ஒன்று, பாடிக்கு இரண்டு, உள்ளே இரண்டு, கண்ணாடிக்கு ஒன்று, வீலுக்கு ஒன்று, ஆக ஏழு. ஒரு நாளுக்கு ஐந்து கார் என்றால் முப்பத்தைந்து. வீலுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிடுங்கள். தரையில் விழுந்த துணி அன்றைக்கு மறுபடி பெயின்டைத் தொடக் கூடாது. விழுந்ததை உதறிவிட்டுத் துடைப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிற தவறு, ஒரு மணல் துகள் போதும் கதவு நீளத்துக்குக் கோடு போட. மாலையில் வீட்டுக்குப் போய் லிக்விட் டிடர்ஜென்ட்டில் தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். வாசனைக்காகப் போடும் கண்டிஷனர் வேண்டாம், நாரை மழுக்கி, தண்ணீர் உறிஞ்சாமல் செய்துவிடும்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்த மெஷின் ஏழெட்டு ஆம்ப் இழுக்கும், ஐந்து ஆம்ப் பிளக்கில் சொருகினால் பிளக் உருகும். 15 ஆம்ப் பாயிண்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்ட எக்ஸ்டென்ஷன், அதில் மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. ஒன்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளுங்கள். மூவாயிரம் ஆகும். ஈரத் தரையில் நின்றுகொண்டு நாள் முழுக்க வேலை பார்க்கிறவருக்கு உயிர் காப்பது அது. ரப்பர் பூட்ஸும் அதே கணக்குதான்.

இதெல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் முடியும். மிச்சத்தில் நாலு மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். சீட் கழுவி உறிஞ்சும் மெஷின், பாலிஷர், செராமிக் கோட்டிங் எல்லாம் இப்போது வேண்டாம். முக்கியமாக பாலிஷர். கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 50 மைக்ரானுக்குள்தான், அதாவது ஒரு தலைமுடி அளவுகூட இருக்காது. பழகாத கையில் அது ஓரங்களில் தேய்ந்தால் அந்தக் கதவையே பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டிவரும்.

வேலையில் சில விஷயங்கள், ஷோரூமில் புது வண்டி மட்டுமே பார்த்தவருக்காகச் சொல்கிறேன். தெருவில் ஓடும் வண்டிகளில் ரீ-பெயின்ட் செய்த பாகங்கள் நிறைய இருக்கும். பிரஷர் நாஸில் ஒரு அடிக்குள் போனால் அந்த பெயின்ட் தோலாக உரியும். பார்க்கிங் சென்சார், கேமரா, ஒட்டிய ஃபிலிமின் ஓரம் இவற்றுக்கும் அதே தூரம். என்ஜினைத் திறந்து தண்ணீர் அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், ஈரத் துணியால் துடைத்துக் கொடுக்கலாம். எலக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற வயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். முன் சீட்டுகளுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருக்கும், அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதை இழுப்பதோ அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுவதோ கூடாது. டேஷ்போர்டில் எண்ணெய்ப் பளபளப்பு வரும் பாலிஷ் நம்மவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் தூசி இழுக்கும், எதிர்வெயிலில் முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்யும். மங்கலான ஃபினிஷ் தரும் திரவமே நல்லது. ஸ்டீயரிங், பெடல் இரண்டிலும் எந்தப் பாலிஷும் படக் கூடாது, பிரேக்கில் கால் வழுக்கும். டயர் டிரெஸ்ஸிங்கைப் பக்கவாட்டில் மட்டும், சாலையில் படும் பகுதியில் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

முடித்துவிட்டுச் சாவி கொடுக்கும் முன் நாலு கதவையும் திறந்து அடிப்பட்டியைத் துடையுங்கள். சைடு மிரர் இடுக்கில் தேங்கிய தண்ணீர் பத்து நிமிடம் கழித்துக் கதவில் கோடாக வழியும், அதை ஒரு துணியால் உறிஞ்சி எடுங்கள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து முன் கண்ணாடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். உரிமையாளர் முதலில் பார்க்கப் போவது அதைத்தான்.

விலைக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் ஒரு தடவை கூப்பிட்டால் சின்ன காருக்கு 450 முதல் 600, பெரிய எஸ்.யூ.வி.க்கு 650 முதல் 900 என்று சொல்லலாம். ஆனால் நீங்கள் விற்க வேண்டியது மாதக் கணக்கு. மாதம் நாலு கழுவல், அதில் இரண்டு தடவை உள்ளே வேக்யூம், 1,200 ரூபாய். இப்படி முப்பது கார் சேர்ந்தால் மாதம் 120 கழுவல், 26 நாளில் பிரித்தால் நாளுக்கு ஐந்துகூட வராது. வரவு 36,000. இடையிடையே சீட், ரூஃப், கார்பெட் என்று முழு உள்சுத்தம் கேட்பார்கள். கையால் பிரஷ் போட்டு வேக்யூமால் உறிஞ்சிச் செய்யும் அந்த வேலைக்கு 1,800 வாங்கலாம், மாதம் ஏழு வந்தால் 12,600. ஆக 48,600. ஒரு கழுவலுக்குத் தண்ணீர், திரவம் 35 ரூபாய் என்று 4,200, உள்சுத்தத்துக்கு 1,050, பெட்ரோல் 1,500, துணி மாற்றவும் மெஷின் ரிப்பேருக்கும் ஒதுக்க 2,500, போன், இதர செலவு 500. செலவு 9,750 போக 38,850 கையில் நிற்கும். முதல் மாதத்தில் இது வராது. ஆறு மாதத்தில் முப்பது கார் சேர்ந்தால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். 299 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறவர்களைப் பார்த்து விலையைக் குறைக்காதீர்கள். அந்த விலையில் காருக்கு ஏழு துணி வராது.

வளாகத்துக்குள் நுழைவதுதான் உண்மையான கஷ்டம். செக்ரெட்டரியிடம் போனதும் அவர் கேட்பது மூன்று: தண்ணீர், கரண்ட், திருட்டு. காருக்குப் பத்து லிட்டர், அதுவும் என் கேன் தண்ணீர் என்று முதல் கேள்வியை முடித்துவிடலாம். மெஷின் கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது, மாதம் இவ்வளவு என்று நானே கட்டிவிடுகிறேன் என்றால் இரண்டாவதும் முடியும். மூன்றாவதற்கு ஆதார் நகல், போட்டோ கொடுங்கள், கேட்டில் என்ட்ரி போடும் ஆப் இருந்தால் அதில் பதியச் சொல்லுங்கள். அப்புறம் செக்ரெட்டரி காரையும் கமிட்டி உறுப்பினர் ஒருவர் காரையும் இலவசமாகச் செய்யுங்கள், ஒரு பாதி பானட்டை மட்டும் முதலில் முடித்து அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வளாகத்து வாட்ஸ்அப் குரூப்பில் அவரே ஒரு போட்டோ போட்டால் நீங்கள் அடிக்கும் ஆயிரம் நோட்டீஸுக்குச் சமம்.

ஒவ்வொரு காரையும் தொடும் முன் சுற்றி வந்து போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறலை உரிமையாளருக்கு அப்போதே அனுப்புங்கள். உள்ளே கிடைக்கும் சில்லறை, கம்மல், பேனா எல்லாம் ஒரு ஜிப் கவரில் போட்டு கியர் பக்கத்தில் வைத்து அதையும் ஒரு போட்டோ. இதில் ஒரு நாள்கூடச் சோம்பல் கூடாது. உங்கள் மேல் சந்தேகம் வந்த ஒரு வீட்டுக்காக முழு வளாகத்தையும் இழக்க நேரிடும்.

காகித வேலை அதிகம் இல்லை. சிறுதொழில்களைப் பதியும் அரசின் உத்யம் தளத்தில் ஆதாரை வைத்துப் பதிவு செய்யுங்கள், அது முற்றிலும் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி. சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, மேலே சொன்ன கணக்கில் உங்கள் வரவு ஆறு லட்சத்துக்குள்தான். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கும் அதில் யு.பி.ஐ.யும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கடன் கேட்கும்போது அந்த ஸ்டேட்மென்ட்தான் பேசும். 50,000 வரை முத்ரா சிசு கடன் பிணையில்லாமல் கிடைக்கும், மாவட்டத் தொழில் மையத்தில் வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டத்தில் 25 சதவீத மானியமும் உண்டு. இரண்டும் நல்ல திட்டங்கள்தான், ஆனால் கையில் பணம் இருக்கும்போது முதல் வருடத்தில் கடன் வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாவது செட் சாமான் வாங்கும்போது பார்க்கலாம்.

பருவத்தையும் கணக்கில் வையுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய நாலு நாளும் ஒரு ஆளால் முடியாத அளவுக்கு அழைப்பு வரும். மாதக் கணக்குக்காரர்களை முன்கூட்டியே முடித்துவிட்டுத்தான் புதியவர்களை எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வருகிறவர்களிடம் மாதக் கணக்கு பற்றிப் பேசுங்கள், வண்டி பளிச்சென்று இருக்கும் நாளில் சம்மதிப்பது எளிது. அதற்கடுத்து வடகிழக்கு மழை வந்துவிடும், அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வெளிக்கழுவல் படுக்கும். அந்த மாதங்களில் நாலு வெளிக்கழுவலுக்குப் பதில் ஒரு முழு உள்சுத்தம் என்று மாற்றிக் கொடுங்கள். ஈரக் கார்பெட் வாசனை எல்லோருக்கும் இருக்கும். உள்ளே நனைத்த சீட்டை மழைநாளில் மூடிய காரில் விட்டுவிட்டுப் போனால் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வரும். வேக்யூமால் முடிந்தவரை இழுத்து, ஃபேன் வைத்துக் காயவைக்க நேரம் இருந்தால் மட்டும் அந்த வேலையை எடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி வெள்ளம் வந்து தண்ணீர் சீட் வரை ஏறிய வண்டி என்றால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் வரை தொட வேண்டாம் என்று உரிமையாளருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் போகும் எல்லா வளாகத்திலும் விடியற்காலையில் ஒரு பக்கெட்டும் ஒரு பழைய துணியும் வைத்துக்கொண்டு கார் துடைக்கும் அண்ணன்களும் அக்காக்களும் ஏற்கெனவே இருப்பார்கள். மாதம் ஐந்நூறு அறுநூறுக்கு ஒரு காரை தினமும் துடைக்கிறார்கள். அவர்களுடைய வேலையைப் பிடுங்கப் போகிறவர் என்று உங்களை நினைத்தால் அந்த வளாகத்தில் நிற்க முடியாது, அப்படி நினைக்கும்படி நடக்கவும் கூடாது. தினசரித் துடைப்பு அவர்களுடையது, வாராந்திரக் கழுவல் உங்களுடையது என்று முதல் நாளே நேரில் பேசிவிடுங்கள். நீங்கள் கழுவும் காரை அவர்களும் துடைப்பார்கள் என்பதால் நல்ல மைக்ரோஃபைபர் துணி நாலு கொடுத்து, மடித்துத் திருப்பித் துடைக்கும் விதத்தைக் காட்டுங்கள். கீறல் குறைந்தால் உங்களுக்கும் லாபம். முப்பது கார் தாண்டி இரண்டாவது ஆள் தேவைப்படும்போது வெளியே தேட வேண்டாம், இவர்களில் ஒருவரைக் கேளுங்கள். வண்டி யாருடையது, எந்தப் பார்க்கிங், யார் எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது. ஒரு கழுவலுக்கு இவ்வளவு என்று பேசி, குறைந்தது எழுபது எண்பது ரூபாயாவது, அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பூட்ஸும் கையுறையும் உங்கள் செலவில்.